லாரிக்கு இரண்டு வாய்

எல் ஆல்ட்டோ, செவ்வாய்க்கிழமை,
லாரிக் கம்பெனிப் பட்டறை வாசல் பெஞ்சிலிருந்து.

என் மதிப்பிற்குரிய அண்ணன் சத்துர்நீனோ அவர்களுக்கு, தம்பி கசிமிரோ பணிவோடும், பணிவைவிடக் கூடுதலான வெட்கத்தோடும் எழுதிக்கொள்வது. உங்கள் உடம்பும், அண்ணி எலோடியாவின் முழங்காலும், காப்பித் தோட்டமும் கரனாவியின் வெயிலில் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே வீட்டில் பசீலியா சுகம். கோழிகள் சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுத வேண்டிய இடம் இதுதான், ஆனால் அதைக் கொஞ்சம் தள்ளிப்போட அனுமதி கேட்டுக்கொள்கிறேன்.

போனில் பேசாமல் இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், ஏனென்றால் போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவது நீங்கள்தான். இதுவரை ஏழு முறை. எட்டாவது முறை பசீலியாவின் போனிலிருந்து கூப்பிட்டு, பேசாமல், தொண்டையை மட்டும் செருமினேன். அதற்கும் வைத்துவிட்டீர்கள். அதனால் இதை எழுதி, கரனாவி மினிபஸ் ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்பலாம் என்று இருக்கிறேன். மறியலில் மூன்று நாள் நான் கத்தியதை நீங்கள் ரேடியோவில் கேட்டதாகவும், உங்கள் மகள் நொயெமிக்கு இந்த மாதக் கடைசியில் வேலை போகப்போவது என்னால்தான் என்று சொல்லிக்கொண்டிருப்பதாகவும் அண்ணி சொன்னதாகப் பசீலியா சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்து எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நடந்தது நீங்கள் நினைப்பதைவிட மோசம், அண்ணா.

முதலிலிருந்து வருகிறேன். இருபத்தாறு வருஷம் ஒரே பழைய லாரியை ஓட்டினேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் எந்த போல்ட் எப்போது கழலும் என்று எனக்குத் தெரியும், எனக்கு எப்போது கோபம் வரும் என்று அதற்குத் தெரியும். இந்த மார்ச்சில்தான் புது டீசல் லாரி எடுத்தேன். வெள்ளை நிறம், ஆறு டன், இரண்டு வருஷ வாரண்டி. வாரண்டிப் புத்தகம் நாற்பது பக்கம். அட்டையை மட்டும் முழுதாகப் படித்தேன். இந்தக் கம்பெனியில் எடுத்ததற்கு ஒரே காரணம், அதன் பட்டறையில் நம் நொயெமி எஞ்சினியராக இருக்கிறாள் என்பதுதான். சாவி கொடுத்த அன்று அவளே வந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். "சித்தப்பா, கறுப்பு மூடி டீசலுக்கு. நீல மூடி யூரியாவுக்கு. புகையச் சுத்தம் பண்ண அது வேணும். இதுல யூரியா மட்டும்தான்" என்றாள். நான் சும்மா இருந்தேனா? "வயலுக்குப் போடுறத வண்டிக்கும் போடணுமா? அறுவடைக்கு என்ன காய்க்கும், குட்டி லாரியா?" என்று கேட்டேன். பட்டறையே சிரித்தது. நொயெமியும் சிரித்தாள். சிரித்துவிட்டு, நீல மூடியை ஒரு விரலால் தட்டி, "யூரியா மட்டும்" என்று இன்னொரு தடவை சொன்னாள். அவள் இரண்டு தடவை சொன்னாள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோபகபானா மாதா கோவிலுக்கு வண்டிப் பூசைக்குப் போனோம். பாதையில் மண் சரிந்து நீங்களும் அண்ணியும் வர முடியாமல் போனது. நீங்கள் வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது, ஆனால் மண் சரிந்ததற்கு உங்களைக் குறை சொல்வது சரியில்லை. கோவில் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. நம் லாரிக்குப் பூமாலை, வண்ணத் தோரணம், முகப்பில் காகிதத் தொப்பி. பாதிரியார் பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குள் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அப்புறம் நம் வேலை தொடங்கியது. முதல் வாய் பூமித்தாய்க்கு, அடுத்து நான்கு சக்கரத்துக்கும் பீர், அடுத்து முகப்புக்கு, அடுத்து டீசல் மூடி மேல் சுற்றிலும் கொஞ்சம், நடுநடுவே வந்தவர்களுக்கும் எனக்கும். பூசைக்கு வந்த யாரும் தொண்டை காய்ந்து திரும்பக் கூடாது என்பதில் நம் வீட்டில் எப்போதும் கண்டிப்பு, அப்பா காலத்திலிருந்தே. அந்த நேரத்தில்தான் என் கண்ணில் நீல மூடி பட்டது. எல்லோருக்கும் கிடைத்தது, இது மட்டும் பாவம், ஒரு சொட்டு இல்லாமல் நிற்கிறது. ரெண்டு வாய் வைத்துப் பிறந்த பிள்ளைக்கு ஒரு வாயில் மட்டும் சோறு ஊட்டுகிற அப்பனும் உண்டா என்று லாரியிடமே கேட்டேன். மூடியைத் திறந்து, கையிலிருந்த திராட்சைச் சாராயம் ஒரு பாட்டிலை முழுதாக ஊற்றினேன். அது தனியாக இருக்க வேண்டாம் என்று இனிப்பு ஒயின் அரை பாட்டில். மேலே ஒரு கைப்பிடி வண்ணக் காகிதத் துண்டு, பூவிதழோடு. மூடியை மூடி, முத்தம் கொடுத்தேன். யாரும் பார்க்கவில்லை. பசீலியா அந்தப் பக்கம் போட்டோக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

பதினோரு நாள் வண்டி இளவரசி மாதிரி ஓடியது. பன்னிரண்டாம் நாள் செங்கல் ஏற்றிக்கொண்டு மேட்டில் வரும்போது ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பழைய வண்டியில் எரியாத விளக்கே கிடையாது என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் சிவப்பு விளக்கு. அப்புறம் எஞ்சின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, என்ன மிதித்தாலும் இருபதுக்கு மேல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. மூன்று சக்கர மிதிவண்டியில் இரண்டு ஆட்டுக்குட்டியை ஏற்றிக்கொண்டு ஒரு அம்மாள் என்னை முந்திப் போனார். போகிற போக்கில் திரும்பி, "ஐயா, இறங்கித் தள்ளி விடட்டுமா?" என்று கேட்டார். பின்னால் வந்த ஆட்கள் எல்லாம் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

வண்டி வாரண்டியில் பட்டறைக்குப் போனது. இந்த இடத்தை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. நொயெமி ஒரு கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தாள், நீல மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சித்தப்பா, ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் வர்றீங்களா?" என்றாள். என்னோடு அன்றைக்கு நம் லாரி ஓட்டுநர் சங்கத் தலைவர் தோன் பிளாசிதோவும் இன்னும் நாலைந்து ஓட்டுநர்களும் துணைக்கு வந்திருந்தார்கள். புது வண்டி வாங்கிய பெருமையில் நான்தான் கூட்டிப்போயிருந்தேன். அவர்கள் முன்னால் ஒரு பெண் பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிடுவதா என்று எனக்கு ரோஷம். "எதுவா இருந்தாலும் இங்கயே கேளும்மா, எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, "நீல மூடில யூரியா தவிர வேற ஏதாவது ஊத்தினீங்களா?" என்று கேட்டாள். அண்ணா, "ஆமாம்மா, தெரியாம ஊத்திட்டேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் தொப்பியைக் கழற்றி, நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கோபகபானா மாதா மேல் சத்தியமாக ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை என்றேன். சொட்டு ஊற்றவில்லை என்பது ஒரு கணக்கில் உண்மைதான், ஒன்றரை பாட்டில் அல்லவா ஊற்றினேன். இப்படியெல்லாம் யோசித்து அன்று வீட்டில் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நொயெமி நீல மூடியைத் திருகி மூடினாள். பிறகு, "சரி சித்தப்பா" என்று சொல்லி, டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, புது யூரியா ஊற்றிக் கொடுத்தாள்.

ஆனால் ஊற்றியது ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. அந்த ஒயினின் சர்க்கரை எங்கெங்கே போய் உட்கார்ந்துகொண்டதோ, வண்டி அதற்கப்புறம் தேறவில்லை. மே மாதம் பத்தாய்யாஸில் ஒரு கல்யாணத்துக்குப் பதினான்கு பேர் கொண்ட பித்தளை வாத்தியக் குழுவை ஏற்றிக்கொண்டு போனேன். பாதி வழியில் அதே சிவப்பு விளக்கு, அதே நடை. கல்யாண வீட்டிலிருந்து போன் மேல் போன். பொறுத்துப் பார்த்த குழுத்தலைவர் கடைசியில் எல்லோரையும் கீழே இறக்கி, "நடந்தே வாசிச்சுக்கிட்டு போவோம், இந்த வண்டி நமக்குப் பின்னாடி வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அவர்கள் வாசித்துக்கொண்டு நடந்தார்கள். பெரிய மேளத்தை மட்டும் நான் ஏற்றிக்கொண்டு பின்னால் ஊர்ந்து போனேன். ஊர் ஊராக ஜனங்கள் வெளியே வந்து யாருடைய சாவு என்று விசாரித்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கல்யாணப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுபடி பட்டறை. பம்பு மாற்றினார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் டீசல் சரியில்லை என்றார். அந்த டீசலுக்கு இரண்டு நாள் வரிசையில் நின்று, வண்டிக்கு அடியிலேயே படுத்து எழுந்த எனக்கு வந்ததே கோபம். மூன்றாம் முறை ஏதோ ஒரு உணர்கருவியை மாற்றினார்கள். எல்லாம் வாரண்டியில். ஒவ்வொரு தடவையும் நொயெமி என்னைப் பாவமாகப் பார்ப்பாள். பிள்ளைக்கு வேலை சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, அதுதான் முழிக்கிறது என்று நான் பசீலியாவிடம் சொன்னேன். இதையும் எழுதிவிடுகிறேன், எப்படியும் பசீலியா அண்ணியிடம் சொல்லியிருப்பாள்.

ஜூன் மாதம் ரியோ செகோ திருப்பத்தில் வண்டி ரோட்டுக்குக் குறுக்காக நின்றுவிட்டது. திருப்பிக்கொண்டிருந்தேன், பாதித் திருப்பத்தில் எஞ்சின் அடங்கிவிட்டது. நான் இறங்கிப் பானெட்டைத் திறப்பதற்குள் முதல் மினிபஸ்காரர் என்னைப் பார்த்தார், குறுக்காக நிற்கும் லாரியைப் பார்த்தார், "மறியல்பா, மறியல்" என்று கத்திக்கொண்டே வண்டியைத் திருப்பிவிட்டார். நம் ஊரைப் பற்றித்தான் தெரியுமே. அரை மணியில் அந்தப் பக்கம் நாலு பேர் கல்லை அடுக்குகிறார்கள். ஒரு மணியில் சூப்புக்காரம்மா சட்டியோடு வந்து என் டயருக்குப் பக்கத்தில் கடை போட்டுவிட்டார். அடுத்து தண்ணீர்க் குழாய் வரவில்லை என்று ஒரு வட்டாரமே வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டது. ஒரு போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, பேச்சுவார்த்தைக்கு யார் பொறுப்பு என்று மரியாதையாகக் கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். அப்போதுதான் தோன் பிளாசிதோ மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"தோழர், சொல்லாம கொள்ளாம ஆரம்பிச்சுட்டீங்க. சரி போகட்டும், என்ன கோரிக்கை?"

"கோரிக்கை ஒண்ணும் இல்ல தோன் பிளாசிதோ. பம்பு போச்சு."

"அப்ப அதான் கோரிக்கை" என்றார் அவர். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை சங்கத்தின் இருநூறு பேரும் கம்பெனி வாசலில். டயர், கல், அடுப்பு, வெடி, எல்லாம் வந்துவிட்டது. ஒரு சங்க உறுப்பினரை ஏமாற்றினால் சங்கத்தையே ஏமாற்றியது போல என்று தீர்மானம். பிழைப்பைப் போட்டுவிட்டு எனக்காக இருநூறு பேர் மூன்று நாள் குளிரில் உட்கார்ந்தார்கள் அண்ணா. அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது. ஆனால் நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. நேரம் ஆக ஆக, நான்தான் ஊற்றினேன் என்பதே எனக்குச் சரியாக நினைவில்லாதது போல ஆகிவிட்டது. கை மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். நீங்கள் ரேடியோவில் கேட்டது அதைத்தான். "எந்தக் கை என் வண்டியைக் கெடுத்துச்சோ, அந்தக் கை இந்தப் பட்டறைல இருக்கக் கூடாது" என்று நான் கத்த, கூட்டம் "வெளிய அனுப்பு, வெளிய அனுப்பு" என்று கத்தும். தினமும் காலையில் நொயெமி அந்தக் கல்லையெல்லாம் தாண்டி வேலைக்கு வருவாள். இரண்டாம் நாள் என் முன்னால் நின்று, "சித்தப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் மைக்கைக் கீழே இறக்கி, "சாப்பிட்டேம்மா, நீ?" என்றேன். மைக் அணையவில்லை. இருநூறு பேருக்கும் கேட்டது. கூட்டத்தில் யாரோ, "வெளிய அனுப்பு" என்று பழக்க தோஷத்தில் பதில் சொன்னார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மேலாளர் ஒரு தாளோடு வெளியே வந்தார். கழற்றிய பம்பில் ஒட்டியிருந்ததைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்களாம். சர்க்கரையும் சாராயமும் இருந்ததாம். நான் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஆனால் அவர் தொடர்ந்து படித்தார். பட்டறைப் பணியாளர் ஒருவர், சாவி கொடுப்பதற்கு முன்பே தவறான கேனிலிருந்து ஊற்றிவிட்டதாகத் தானே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே தவறு கம்பெனியுடையது. எல்லாப் பாகமும் இலவசமாகப் புதிதாக மாற்றித் தரப்படும். உறுப்பினரின் கோரிக்கைப்படி அந்தப் பணியாளர் மாதக் கடைசியில் நீக்கப்படுவார். பெயரை, நாகரிகம் கருதி, படிக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். என்னைத் தோளில் தூக்கினார்கள். வெடி போட்டார்கள். யாரோ ஒரு முட்டாள் செய்யாத தப்பை ஒப்புக்கொண்டிருக்கிறான், மாதாவே இறங்கி வந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறாள் என்று நான் தோள் மேலிருந்து வானத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நொயெமி வழக்கம்போல மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாள். நீங்கள் அவளைப் படிக்க இங்கே அனுப்பிய ஆறு வருஷமும் எங்கள் பின்னறையில்தான் இருந்தாள் என்பதால் இன்னும் கதவைத் தட்டாமல்தான் வருவாள். பசீலியா ஆட்டிறைச்சி சூப் வைத்திருந்தாள். சாப்பிட உட்கார்வதற்கு முன்னால் நொயெமி பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையை எடுத்து என் பக்கமாக நகர்த்தினாள். உள்ளே இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் காகிதத் துண்டுகள், காய்ந்துபோன ஒரு பூவிதழ்.

"ஃபில்டர்ல இருந்துச்சு சித்தப்பா. முதல் தடவையே எடுத்துட்டேன். அங்க வச்சிருந்தா யாராவது பாத்துடுவாங்க."

"அப்ப அந்தப் பணியாளர்" என்று ஆரம்பித்தேன்.

"நான்தான்."

"ஏம்மா?"

"நீங்க மாதா மேல சத்தியம் பண்ணிட்டீங்க. சங்கமே வந்து வாசல்ல உக்காந்துடுச்சு. அதுக்கப்புறம் உண்மையச் சொன்னா உங்களுக்கு வாரண்டியும் போகும், ஊர்ல தலையும் காட்ட முடியாது. எனக்கு வேற பட்டறை கிடைக்கும். உங்களுக்கு வேற லாரி கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு, "சித்தி, உப்பு" என்றாள்.

இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவள் போனதும் பசீலியா அந்த உறையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஊத்தினதோட விட்டீங்களா, இல்ல தலையத் தடவித் தூங்கவும் வச்சீங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குப் பழைய சூப்பு, அதுவும் சூடு பண்ணாமல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன் அண்ணா. உங்களிடம் ஒரு உதவி. இப்போது அங்கே காப்பி அறுவடைக் காலம். ஆள் போதவில்லை, உங்களுக்கு உடம்பு முடியவில்லை என்று ஏதாவது சொல்லி நொயெமியைக் கரனாவிக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மாதக் கடைசிக்கு முன்னால் அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டால், நீக்கினார்கள் என்ற பேச்சே இருக்காது. சின்னப் பெண், இன்னும் எத்தனையோ வேலை. வாரண்டிக்கு இன்னும் இருபது மாதம் இருக்கிறது. அது முடிந்த மறுநாள், ஆமாம் மறுநாளே, நான் கம்பெனிக்கும் சங்கத்துக்கும் பாதிரியாருக்கும் நேரில் போய் எல்லா உண்மையையும் சொல்லிவிடுவேன். சத்தியம் பண்ண மாட்டேன், ஏற்கெனவே ஒன்று பாக்கி இருக்கிறது. இப்போதே சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். மூன்று நாள் குளிரில் கிடந்த இருநூறு பேர் முன்னால் நின்று, நான்தான் ஊற்றினேன் என்று எப்படிச் சொல்வேன்? தோன் பிளாசிதோ என் முகத்தில் விழிப்பாரா? இனி என்னை யாராவது லாரிக்காரன் என்று கூப்பிடுவார்களா, இல்லை வண்டிக்குச் சாராயம் ஊட்டினவன் என்று கூப்பிடுவார்களா? இதை எழுத எனக்கே கூசுகிறது. என் பக்கத்தில் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்க்கிறாரோ என்று தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று வண்டி தயாராகிவிட்டது என்று கூப்பிட்டார்கள், அதற்குத்தான் காத்திருக்கிறேன். அண்ணியின் முழங்காலுக்கு லாமா மிருகத்தின் கொழுப்புத் தைலம் அடுத்த நடையில் அனுப்புகிறேன். உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமலும், காப்பிக்கு நோய் வராமலும், பிள்ளைகள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமலும் இருக்கப் பூமித்தாயும் மாதாவும் காக்கட்டும். மாதாவிடம் இதை நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

என்றும் உங்கள் காலடியில் நிற்கும் தம்பி,
கசிமிரோ தார்க்கி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்ததும் ஜன்னலில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். வண்டி ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒரே ஒரு தாள். பழுதின் காரணம் என்ற இடத்தில், பணியாளர் நொயெமி தார்க்கியின் கவனக்குறைவு. அதற்கு நேர் கீழே, ஏற்றுக்கொள்பவர், கசிமிரோ தார்க்கி. நம் அப்பாவின் குடும்பப் பெயர் இரண்டு வரியிலும் அச்சடித்திருந்தது அண்ணா. இத்தனை நாளும் சங்கத்தில் என் பெயர் கெட்டுவிடுமே என்று மட்டும்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் பெயரை அப்படி எழுத்தில் பார்க்கும்வரை, கெட்டுப்போவது அவள் பெயர் என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

நான் அந்த வரியை அடித்தேன். "காரணம்: உரிமையாளர் கசிமிரோ. திராட்சைச் சாராயம் ஒரு பாட்டில், இனிப்பு ஒயின் அரை, காகிதம் ஒரு கைப்பிடி. சத்தியமும் பொய்" என்று எழுதினேன். ஜன்னலில் இருந்தவர், "ஐயா, அதுல கிறுக்கக் கூடாது" என்றார். பிறகு படித்தார். மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் மூன்று தடவை படித்தார்.

"ஏன் ஊத்தினீங்க?" என்று கேட்டார்.

"அதுக்கும் வாய் இருந்துச்சு" என்றேன்.

வாரண்டி போயிற்று. மாட்டிய புதுப் பாகங்களைக் கழற்றிப் பழையதை மாட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். நொயெமியைக் கூப்பிட்டு, பொய்யாக ஒப்புக்கொண்டதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், பணிநீக்க உத்தரவை அவள் முன்னாலேயே கிழித்தார். "உங்க குடும்பத்துல யாராவது உண்மை சொல்ற ஆள் இருக்காங்களா?" என்று கேட்டார். கழற்றுகிற வேலையையும் அவளிடமே கொடுத்தார். வியாழக்கிழமை சங்கக் கூட்டத்தில் நான் பேசப் போகிறேன். தோன் பிளாசிதோவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். அவர், "மூணு நாள் தோழர், மூணு நாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆகவே நொயெமியைக் கூப்பிட வேண்டாம். அறுவடைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், வண்டி எப்படியும் கொஞ்ச நாளைக்கு நிற்கத்தான் போகிறது. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதலாம் என்று தாளைப் பிரித்தேன். வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்த நொயெமி, "அப்பாவுக்கா? குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். தடுக்க எனக்குத் தைரியம் இல்லை. நின்றபடியே முழுதும் படித்தாள். அவளைக் கரனாவிக்குக் கூப்பிட்டுக்கொள்ளச் சொன்ன பக்கத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். அங்கே இருக்கும் கறுப்புக் கறை அவள் கட்டைவிரல். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்து முடித்து, மடித்து, என் பையிலேயே திரும்ப வைத்தாள்.

"கிழிக்காதீங்க சித்தப்பா. ஜன்னல்ல நடந்ததையும் அடியில எழுதி, இதையே அனுப்புங்க."

"இதப் படிச்சா உங்கப்பா என்னப் பத்தி என்னம்மா நினைப்பாரு?"

"பெஞ்சில உக்காந்து எழுதினதையும் படிக்கட்டும், ஜன்னல்ல நின்னு எழுதினதையும் படிக்கட்டும்" என்றாள். "ரெண்டையும் எழுதினது ஒரே ஆள்தானே."

சொல்லிவிட்டு மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டாள். நான் ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.